சூடு வைக்கச் சொன்னவள்

நாய்களுக்குப் பிசியோதெரபி செய்கிற தொழிலில் நோயாளி வாயைத் திறப்பதில்லை. கூட வருகிறவர் வாயை மூடுவதில்லை. இடுப்போ கழுத்தோ முழங்காலோ, எங்கேயாவது ஒரு வலியோடு இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது புரியும். நீங்களும் யாரோ ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மூன்று நாள் செய்துவிட்டு நான்காம் நாள் விட்டவர்தான். நாய்களும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், அவை "தினமும் செய்றேன் மேடம்" என்று பொய் சொல்வதில்லை.

நாய்க்கா?

திண்டுக்கல்லில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் மனிதர்களின் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சென்னையில் சில மாதம் தங்கி நாய்களுக்கான பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்தேன். பழனி ரோட்டில் ஒரு கால்நடை டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. அதில் ஒரு ரப்பர் மெத்தை, ஒரு பெரிய பந்து, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, வெந்நீர்ப் பைகள், பழைய நூல் சேலைகள். டாக்டர் அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மாடுகளோடு இருந்ததால் எதற்கும் அவசரப்பட மாட்டார். எனக்கு அதற்கு நேர்மாறான உடம்பு. நாய் அசந்து தூங்கினால்கூட எழுந்துபோய் மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

கல்யாண வீடுகளில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள். பிசியோதெரபி என்றதும் முழங்காலை நீட்டுவார்கள். நாய்களுக்கு என்று சொன்னதும் இழுத்துக்கொள்வார்கள். செம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் என் கணவரின் சித்தி மட்டும் நீட்டிய காலை இழுத்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்தார். பிறகு சேலையை முழங்கால்வரை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நாய்க்கா? சரி, பரவால்ல. வலி எல்லாத்துக்கும் ஒண்ணுதான. செத்த நேரம் பிடிச்சு விடு."

எண்ணுகிற பாய்

காஜா பாய் பேகம்பூர் பக்கம் தோல் கிடங்கு வைத்திருக்கிறார். கிடங்கைக் காக்கிற நாய் சிங்கத்துக்கு வயதாகி, இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. பாய் ஐந்து வேளையும் தொழுகிறவர். நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் தொட மாட்டார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் லோடு ஆட்டோவில் சாக்கை விரித்துச் சிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். டிரைவர் இறக்கி விடுவார். பாய் நான்கடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, நான் ஒவ்வொரு முறை காலை மடக்கி நீட்டும்போதும் வாய்விட்டு எண்ணுவார். ஒரு காலுக்குப் பதினைந்து.

ஆவணி கடைசியில் ஒருநாள், டாக்டரின் அறையில் ஒரு பெண்ணின் குரல் பெரிதாகக் கேட்டது. என் கவனம் அங்கே போய்விட்டது. சிங்கத்தின் காலை மெத்தையில் வைத்துவிட்டு எழுந்துகொண்டேன். பாய் ஸ்டூலை விட்டு அசையவில்லை. "பன்னெண்டுதாம்மா ஆயிருக்கு. நான் அவனத் தொட மாட்டேன். ஆனா அவனுக்கு மூணு குறையவும் விட மாட்டேன்."

வக்கீல்

அந்தக் குரல் பஞ்சவர்ணத்தினுடையது. (பெயரை மாற்றியிருக்கிறேன். காரணம் பின்னால் புரியும்.) ஆத்தூர் அணைக்குக் கீழே தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். ஐம்பது தாண்டியிருக்கும். கொஞ்சம் சம்பங்கி, பதினோரு ஆடுகள். உரச்சாக்கில் கிடத்தித் தூக்கிவந்த கன்னி இன நாயின் பெயர் வக்கீல். யார் பேசினாலும் குறுக்கே பேசும் என்பதால் அந்தப் பெயர். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போன மினி லாரி இடித்ததிலிருந்து பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபடுகின்றன. குரைப்பதும் நின்றுவிட்டது. எலும்பு முறியவில்லை, தண்டுவடம்தான் அடிபட்டிருக்கிறது என்று பார்த்து, பத்து நாள் அசையாமல் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, அதன்பிறகு டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினேன். வக்கீல் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. உணர்வு இருக்கிறது. எழுந்துகொள்ள வாய்ப்பு உண்டு, எத்தனை வாரம் என்று சொல்ல முடியாது என்றேன்.

பஞ்சவர்ணத்துக்கு எத்தனை வாரம் என்பதுதான் முக்கியமாக இருந்தது. மகன் செந்தில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு ஆடுகள் களவு போனதிலிருந்து, நீ அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நாய் இருக்கிறது என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது நாய் படுத்துவிட்டது. தீபாவளிக்கு வருவான், வரும்போது வக்கீல் நிற்காவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது. பேச்சுக்குப் பேச்சு டாக்டரம்மா என்றார். நான் டாக்டர் இல்லை, அப்படிக் கூப்பிடாதீர்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல டாக்டரம்மா. மூணாவது மாடி. நானும் இவன மாதிரி படுத்துத்தான் கெடக்கணும்."

ரெண்டு நேரம்

பாதத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பதுபோல் காலைச் சுற்றுவது எப்படி, வயிற்றுக்கு அடியில் சேலையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவது எப்படி, அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் போகவைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த கை. ஒருமுறை பார்த்ததும் என்னைவிட நன்றாகச் செய்தார். வெளியே ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது; அடுத்த நாய் கதவைப் பிறாண்டியது. அவர் சாக்கைத் தூக்கும்போது, எலும்பு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன். "பயிற்சிக்கு முன்னாடி இடுப்புல சூடு வையுங்க. காலைல சாயங்காலம் ரெண்டு நேரமும்." ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் நேரே மருந்துக்கடைக்குப் போய் வெந்நீர்ப் பை வாங்கினார்கள்.

எட்டாம் நாள் வந்தார். சாக்கை விலக்கினேன். வக்கீலின் இடுப்பில் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு மும்மூன்று கோடுகள். முடி கருகி, தோல் வெடித்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. மாடு நொண்டினால் சூடு போடுகிற ஆள் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறாராம். அவரைக் கூட்டிவந்து, பன்னரிவாளைப் பழுக்கக் காய்ச்சி வைத்திருக்கிறார். எதையும் மறைக்கவில்லை. நான் சொன்னதைச் செய்தவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் செய்த தப்பு இதுதான் என்று அவரே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்கிறாதீக டாக்டரம்மா. ரெண்டு நேரம்னுதான் சொன்னீக. அவன் கத்துன கத்துல எனக்கு மனசு வரல. ஒரு நேரந்தான் வச்சேன்."

பையும் இரும்பும்

டாக்டர் வந்து புண்களைக் கழுவிக் களிம்பு போட்டார். தண்ணீர்த் தொட்டியில் இறக்கக் கூடாது. சேலை இடுப்பில் உரசக் கூடாது. ஆற மூன்று வாரமாவது ஆகும். தீபாவளிக்கு ஆறு வாரமும் இல்லை. தப்பு என்னுடையது என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். சூடு என்றால் நான் நினைத்தது வேறு என்று பையைக் காட்டினேன். அவர் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த நாளிலிருந்து காலையில் அறையைத் திறப்பதற்கு முன் ஸ்கூட்டரில் ஆத்தூருக்குப் போய்வர ஆரம்பித்தேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்ததும் டாக்டரிடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்பேன். சீழ் வைக்குமா? தோல் இழுத்துக்கொண்டால் கால் மடங்காமல் போகுமா? மூன்று வாரம் சும்மா இருந்தால் சதை வற்றிவிடாதா? நான்காம் நாள் அவர் பேப்பரை மடித்து வைத்தார். "முப்பது வருசம் ஊர் ஊராப் போயிருக்கேம்மா. சூடுங்கிற வார்த்தைய மட்டும் வாயால சொன்னதில்ல. உனக்கு அது பை. அவங்களுக்கு இரும்பு."

நெய்க்காரப்பட்டித் தம்பதி

அதன்பிறகு என் வாயைக் கண்டு எனக்கே பயம் வந்தது. தினமும் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு பன்னரிவாள் தெரிந்தது. "பிடிச்சு விடுங்க" என்றால் பிடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்களோ? "தண்ணி காட்டுங்க" என்றால் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்களோ? "காலைக் கட்டிப் போடுங்க" என்று இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவர்கள் எதை எதோடு கட்டினார்கள்? ஸ்கூட்டரில் போகும்போது பழைய கேஸ்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். சிக்னலில் நிறுத்தி இரண்டு பேருக்குப் போன் செய்தேன். இரண்டு நாய்களும் நன்றாக இருந்தன. வீட்டுக்காரர்கள்தான் என் குரலைக் கேட்டுக் கலவரமானார்கள்.

அந்த வாரம் நெய்க்காரப்பட்டியிலிருந்து தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கட்டிலிலிருந்து குதித்து முதுகு பிடித்துக்கொண்ட பொமரேனியன். நான் ஆரம்பித்தேன். வெந்நீர் ஒத்தடம். ரப்பர் பை. பையைச் சுற்றித் துணி. இரும்பு கூடாது. கரண்டி கூடாது. ஊதுபத்தி, விளக்குத் திரி எதுவும் கூடாது. முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கணவரின் கன்னத்தில் நானே பையை வைத்துக் காட்டினேன். இரண்டு பேரையும் தனித்தனியாகத் திருப்பிச் சொல்லவைத்தேன். மூன்றாம் தடவை சொல்லச் சொன்னபோது அந்த அம்மாள் நாயை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நாய்க்கு முதுகு வலின்னுதானுங்க வந்தோம். உங்களுக்கு என்னங்க பண்ணுது?"

நான் இல்லாதபோது

புண்கள் காய்ந்து தழும்பாயின. பஞ்சவர்ணம் விடியற்காலையில் பூப் பறித்து முடித்ததும் ஒரு முறை, ஆடுகளை அவிழ்த்துவிட்ட பிறகு ஒரு முறை என்று நாளைக்கு ஆறு தடவை வக்கீலின் கால்களை மிதிக்கவைத்தார். நான் சொன்னது மூன்று. சேலையை இடுப்பில் படாமல் தொடைகளுக்கு நடுவில் கொடுத்து நிறுத்துவதற்கு அவரே ஒரு கட்டு கண்டுபிடித்திருந்தார். நான் போனால் வக்கீல் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். நியாயம்தான். கையைத் தரையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருப்பேன். பிறகு காலைத் தொடுவேன். என் கையில் அந்தக் கால் ஈரத்துணி மாதிரி கிடக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோதும் அப்படியேதான் கிடந்தது.

அன்று அத்தோடு கிளம்பினேன். வாய்க்காலைத் தாண்டியதும் கைப்பையை மறந்துவிட்டது தெரிந்து திரும்பினேன். ஸ்கூட்டரை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். வீட்டு முன்னால் ஒரு கிடா வக்கீலின் சோற்றுத் தட்டில் வாயை வைத்துக்கொண்டிருந்தது. வக்கீல் நான்கு கால்களில் நின்று அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின, ஆனால் நின்றன. பஞ்சவர்ணம் என் பையை நீட்டினார். சந்தோஷமாக இருந்தார், கூடவே கொஞ்சம் கூச்சமாகவும். "நாலு நாளா நிக்கிறான். சொன்னா நீங்க வருத்தப்படுவீகன்னுதான் சொல்லல. நீங்க வந்தா மட்டும் படுத்துக்கிறான். உங்களக் கண்டா ஆகல அவனுக்கு."

தீபாவளிக்கு முதல் நாள்

தழும்பைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அன்றைக்கும் போனேன். செந்தில் வந்திருந்தான். கட்டிலில் இரண்டு பட்டாசுப் பெட்டிகள், அம்மாவுக்கு எடுத்த சேலை. இரட்டை ஷிப்ட் பார்த்த கண்கள். மோசமான பிள்ளை இல்லை. ராத்திரி போன் எடுக்காவிட்டால் பயந்துவிடுகிறவன். பஞ்சவர்ணம் பூக் கட்டிக்கொண்டே, "போ, போயி அவன்ட்டப் பேசு" என்றார். வக்கீல் பட்டியிலிருந்து அவனை நோக்கி நடந்தது. பின்பக்கம் குடித்தவனைப்போல் அசைந்தது. நடுவில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டது. மறுபடி எழுந்து, அவன் முழங்காலில் மோதி நின்றது.

செந்தில் குனிந்து அதன் முதுகைத் தடவினான். கை இடுப்புக்கு வந்ததும் நின்றது. முடியை ஒதுக்கிக் கோடுகளைப் பார்த்தான். "இது என்னம்மா?" பஞ்சவர்ணத்தின் விரல்கள் நாரில் நின்றன. ஆளைக் கூப்பிட்டு அரிவாளைக் காய்ச்சி வைத்தார் என்று தெரிந்தால் போதும். தனியாக இருந்து நீ செய்கிற காரியத்தைப் பார் என்று அன்றைக்கே ஆட்டு வியாபாரிக்குப் போன் செய்துவிடுவான். அவர் தலை நிமிராமல், "டாக்டரம்மாதான் சூடு வைக்கச் சொன்னாக" என்றார். அவன் என்னிடம் திரும்பினான். "நீங்களா சொன்னீங்க?" வெந்நீர்ப் பை, துணி, ஒத்தடம் என்று ஆறு வாரமாகப் பார்த்தவர்களிடம் எல்லாம் ஒப்பித்த விளக்கம் நாக்கு நுனியில் இருந்தது. "ஆமா. நான்தான் சொன்னேன்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவன் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "படிச்சவங்க சொல்லி வச்சதுன்னா சரிதான். நான்கூட, எங்கம்மாதான் என்னத்தையோ பண்ணிருச்சோன்னு நெனச்சேன்."

எங்கள் நாய் இளப்பமா?

பொங்கல்வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு செந்தில் தனியாகத் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். பஞ்சவர்ணம் தோட்டத்தில் இருக்கிறார். எனக்கு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் சித்தையன்கோட்டையிலிருந்து ஒருவர் நொண்டுகிற நாயோடு வந்து, ஒரு நேரச் சூடு போதுமா, ரெண்டு நேரம் வேண்டுமா என்று கேட்டார். அடுத்த நாள் இன்னொருவர். ஆத்தூர் சுற்று வட்டாரம் முழுக்கச் செய்தி இதுதான்: பழனி ரோட்டில் படித்த அம்மா ஒருத்தி இருக்கிறாள், அவள் சொல்கிறபடி சூடு வைத்தால் செத்த கால் எழுந்துகொள்ளும்.

வருகிறவர்களிடம் உட்கார்ந்து சொல்கிறேன். அந்த நாயை எழுப்பியது பஞ்சவர்ணத்தின் கை. நாளைக்கு ஆறு தடவை, ஒரு நாள் விடாமல். சூட்டால் கிடைத்தது புண்ணும், வீணான மூன்று வாரமும்தான். தலையாட்டிக் கேட்கிறார்கள், தன்னடக்கமான ஆளின் பேச்சைக் கேட்பதுபோல. நேற்று வந்த பெரியவருக்கு நானே வெந்நீர்ப் பையை நிரப்பி, நாயின் இடுப்பில் வைத்து, பத்து நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். நாய் கண்ணை மூடிக்கொண்டது. பெரியவர் பையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "இது எங்க வீட்லயே கெடக்கு. ஆத்தூர் நாய்க்கு வச்ச சூட்ட எங்களுக்கு வைக்க மாட்டீகளா? எங்க நாயின்னா என்ன எளப்பமா?"

நாய் நடக்க ஏழு வாரம் போதுமாக இருந்தது. நான் விட்ட ஒரு சொல் நடக்க ஆரம்பித்தபிறகு அதைப் பிடித்து உட்காரவைக்கத்தான், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இன்னும் ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறேன்.